பதினாலு உள்ளே, பத்து வெளியே

ஆனி 10, திங்கள்

இது கூடை அளவு எழுதும் நோட்டு. எந்தக் கூடைக்கு எத்தனை ஒயர், எத்தனை அடி நீளம் என்று மட்டும்தான் இதுவரை இதில் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு சொல் கொடுத்துவிட்டேன். கொடுத்த தேதி எழுத்தில் இருக்கட்டும்.

பேத்தி தாரணிக்கு ஆவணி 20-ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா கோகிலவாணி திருப்பூரிலிருந்து என் மருமகள் சுகுணாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒயர் கூடை. அதன் வயிற்றில் ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. பின்னாலேயே போனும் வந்தது.

"இதே மாதிரி பதினொண்ணு வேணுமுங்க. சீர் கொண்டு வர்றப்ப வரிசையா வந்தா பார்க்கறதுக்கு நல்லாருக்கும். இங்க நாலு கடை ஏறி எறங்கீட்டேன், கெடைக்கலீங்க. உங்க அத்தைனால முடியலீன்னா வுட்ருங்க, தட்டுலயே வெச்சுக்கலாம்."

ஸ்பீக்கர் போட்டிருந்தது. முடியலீன்னா என்ற வார்த்தை என் காதில் நேராக விழுந்தது. போனை வாங்கினேன்.

"அம்மிணி, நாப்பது வருசமாக் கூடை போடறேன். என் பேரே மயிலாத்தா. மயில் போடத் தெரியலீன்னா பேரை மாத்தி வெச்சுக்கறேன். பதினொண்ணும் வந்து சேரும்."

சுகுணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்த்த பார்வையில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனி 12, புதன்

தாரணிக்குக் கோயமுத்தூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும்தான் உடுமலைக்கு வருவாள். போன வாரம் என் போனில் படம் தேடுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மைக் படத்தை அழுத்தி வாயால் சொன்னால் போதுமாம். சுகுணா அந்த மயில் படத்தை என் போனுக்கு மாற்றித் தந்தாள். அதே மாதிரி வேறு கூடை இருந்தால் பின்னல் பிடிபடும் என்று தேட உட்கார்ந்தேன்.

"சிவன் கண் கூடை" என்று சொன்னேன். எங்கள் தொழிலில் அது ஒரு முடிச்சின் பெயர். போன் நெற்றிக்கண்ணைத் திறந்து சாட்சாத் சிவபெருமானைக் காட்டியது. ஒன்றிரண்டு அல்ல, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார். சாமியை விரலால் தள்ளுவதா என்று மனசு கேட்கவில்லை. போனைச் சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்தேன். அப்புறம் "நெல்லிக்காய் முடிச்சு" என்றேன். ஊறுகாய் வந்தது.

ஆனி 15, சனி

தாரணி வந்தாள். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் BASKET என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். பெரிய எழுத்து இருபத்தாறும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினேன்.

உலகம் முழுக்கக் கூடை பின்னுகிறார்கள். புல்லில், மூங்கிலில், கிழிந்த துணியில், பேப்பரில். ஒரு தேசத்தில் மீன் வடிவத்திலேயே பின்னியிருக்கிறார்கள். பிடித்திருந்தால் "சேமி" என்று இருக்கும் இடத்தைத் தொட வேண்டும். மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

"ஆத்தா, எரநூத்தி நாலு படம் சேமிச்சு வெச்சிருக்கற. எதையுமே வுடமாட்டியா?"

"எடம் அடைக்குதா உனக்கு?"

சாயங்காலம் மயில் படத்தைப் பெரிதாக்கி ஒயரை எண்ணினேன். கடைக்காரன் மயில் நீலம் கேட்டால் பச்சையைக் கட்டிக் கொடுத்திருக்கிறான். வரவர இந்தக் கம்பெனிக்காரர்கள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் போடுகிறார்கள்.

ஆனி 18, செவ்வாய்

அடி போட்டு முடித்தேன். உடம்பு ஆறு வரிசை ஏறியது. மயிலின் கழுத்தில் வந்து நிற்கிறது. படத்தில் கழுத்துக்குள் போகும் ஒயர் மறுபக்கம் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. பல்பு சரியில்லை. சுகுணாவிடம் வேறு பல்பு மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டு, "நான் வேண்ணா ஒரு கை போடட்டுங்களா அத்தை?" என்றாள்.

அவள் இடது கைக்காரி. வலது கையால் போடும் முடிச்சு ஒரு பக்கம் சாயும், இடது கையால் போட்டால் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். ஒரு கூடையில் இரண்டும் கலந்தால் அழகு போச்சு. அதுவும் சீர்க்கூடை, நல்ல காரியத்துக்குப் போவது. இடது கை ஆகாது என்று அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலேயே சொல்லிவிட்டேன். கூடை முடிந்தபின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைக் கத்தரிப்பது மட்டும்தான் அவள் வேலை.

ஆனி 19, புதன்

அவிழ்த்தேன்.

ஆனி 22, சனி

மூன்றாவது தடவையும் அவிழ்த்தாயிற்று. விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கிறது. காலையில் அரிசியில் கல் பொறுக்கி வைத்தேன். நான் பொறுக்கியதையே சுகுணா மறுபடி முறத்தில் போட்டுப் புடைக்கிறாள். வேலை செய்யத் தெரியாதவள் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வாள்.

"கண்ணைக் காட்டீட்டு வந்தரலாமுங்களா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணுக்கென்ன? உன்னையத் தெரியுது, உன்ற மூஞ்சியில இருக்கற கேள்வியும் தெரியுது."

ஒயரை மறுபடி எண்ணினேன். கழுத்துக்குள் பதினாலு போகிறது. தோகைப் பக்கம் பத்துதான் வருகிறது. நாலு ஒயர் எங்கே போனது?

ஆனி 26, புதன்

கோகிலவாணி கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்தாள். நானே முந்திக்கொண்டு, "வாங்கம்மிணி, நீலச் சேலை உங்களுக்கு எடுப்பா இருக்குது" என்றேன். சுகுணா இருமினாள். கோகிலவாணி தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "பச்சைங்க பெரியம்மா" என்றாள்.

காபி குடித்துவிட்டுக் கூடையைக் கேட்டாள். பாதியில் நின்றதைக் காட்டினேன். உள்ளதைச் சொன்னேன்.

"அந்தப் படத்துல இருக்கறதை யாரும் பின்னலீங்க. பின்னவும் முடியாது. பதினாலு ஒயர் உள்ள போகுது, பத்து வெளிய வருது."

"படத்துலயே இருக்குதுங்களே பெரியம்மா! பின்னாமலா போட்டோ எடுத்தாங்க?" சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னக் குழந்தையிடம் சிரிப்பது போல. "வயசாயிருச்சுங்க. செரமப்படாதீங்க. நான் தட்டுக்குச் சொல்லீர்றனுங்க."

"நான் சொல்ற வரைக்கும் சொல்லாதீங்க" என்றேன்.

அவள் போனபின் நாற்பது வருசத் தொழிலை ஒரு பச்சைச் சேலை சாய்த்துவிட்டது என்று தோன்றியது. நிறம் தெரியாதவள் எண்ணியதை யார் நம்புவார்கள்?

ஆனி 30, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். கண் ஆசுபத்திரிக்குப் போகிறேன். கண் தெரியாததால் அல்ல. நன்றாகத் தெரிகிறது என்று டாக்டர் கையால் எழுதி வாங்கத்தான். அந்தக் காகிதத்தை ஒரு கையிலும் படத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு பேசினால் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

சுகுணாவிடம் சொன்னேன். காரணம் கேட்காமல் பையை எடுத்து வைத்தாள்.

ஆனி 31, திங்கள்

சுவரில் எழுத்துப் பலகை. பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை வரிசையாக இருக்கிறது. இரண்டு வரிசை படபடவென்று படித்தேன். மூன்றாவது வரிசையில் எழுத்தே இல்லை, அழிந்துபோயிருக்கிறது என்றேன். சுகுணா தலையைத் தொங்கப் போட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். "ரெண்டு கண்ணுலயும் புரைங்கம்மா. வலது கண்ணு நல்லா முத்தியிருக்கு. எப்படி இத்தனை நாள் கூடை போட்டீங்க?"

"கைக்குத் தெரியுமுங்க" என்றேன்.

ஆபரேசனுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். ஆடி பிறந்துவிடுமே, கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று சுகுணா கேட்டாள். அப்புறம் வந்து என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமையே என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசையில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டு வாசலில் கேட்டேன். "மரம், படம், பழம்" என்றாள்.

ஆடி 3, வெள்ளி

(அத்தை சொல்லச் சொல்ல எழுதுவது சுகுணா.)

காலை பத்து மணிக்கு வலது கண்ணில் ஆபரேசன் முடிந்தது. வலியே இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் ரொம்பப் பயந்தாள். நான்தான் தைரியம் சொன்னேன்.

(அத்தை உள்ளே போகும் வரை என் வலது கையை விடவே இல்லை. இப்போதும் பிடித்திருக்கிறார். நான் இடது கையில் எழுதுவதால் தொந்தரவு இல்லை.)

ரொட்டி நன்றாக இல்லை. முன் பக்கங்களைத் திருப்பிப் படிக்கக் கூடாது என்று எழுது.

(படிக்கவில்லை அத்தை. முறத்தில் அரிசி புடைத்த பக்கம் மட்டும்.)

ஆடி 4, சனி

கட்டைப் பிரித்தார்கள். சுகுணாவின் தலையில் இத்தனை நரை எப்போது வந்தது?

ஆடி 8, புதன்

நாலு வேளை சொட்டு மருந்து. தலைக்கு ஊற்றக் கூடாது. குனியக் கூடாது. ஒயரைத் தொட இன்னும் பத்து நாள். தொடத்தான் கூடாது, பார்க்கலாம் அல்லவா?

விற்பதற்காகக் கட்டி வைத்த கூடைகள் அறையில் தொங்குகின்றன. போன இரண்டு வருசத்தில் போட்டதில் மீந்தவை. ஒவ்வொன்றாக இறக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நிறத்திலும் தப்பு இல்லை. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பச்சை, நீலம் இருக்க வேண்டிய இடத்தில் நீலம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண் இல்லாமலே இப்படிப் போட்டிருக்கிறேனே என்று.

அப்புறம் சாய்மானத்தைப் பார்த்தேன். முதல் கூடையில் பதினேழு முடிச்சு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாவதில் ஒரு வரிசை முழுவதும். மூன்றாவதில் பாதிக் கூடை.

அடுப்படிக்குப் போனேன்.

"சுகுணா, இந்தக் கூடைக்கெல்லாம் ஓரம் வெட்டினது நீதான?"

"ஆமாங்க அத்தை."

"வெட்டினது மட்டுந்தானா?"

"பாலு பொங்குதுங்க" என்று திரும்பிக்கொண்டாள். அடுப்பில் பால் இல்லை, பருப்புதான் இருந்தது.

நான் மத்தியானம் தூங்கும் இரண்டு மணி நேரம். இரண்டு வருசம். இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை. மருந்து ஊற்றிய கண்ணில் தண்ணீர் வருகிறது. வரும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்.

ஆடி 11, சனி

தாரணியை உட்கார வைத்து, போனில் படத்தைப் பெரிதாக்கி, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டு எண்ண வைத்தேன். அவள் எண்ணியும் பதினாலு. மறுபக்கம் எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள்.

"ஆத்தா, இந்தக் கைப்பிடி கூடைக்குள்ள போகவே இல்ல. காத்துல நிக்குது."

"பாத்தியா?"

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனாள். அடியில் பொடி எழுத்தில் இங்கிலீசில் எழுதியிருந்ததாம். முகம் சுண்டிப்போய்ச் சொன்னாள்: "இது போட்டோவே இல்ல ஆத்தா. மயில் கூடை ஒண்ணு வேணும்னு கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னா அதுவே வரைஞ்சு குடுத்துரும். நாங்க யாருமே கீழ படிக்கல."

"மூணு பேரு படிச்சவங்க. எண்ணிப் பாத்தது நான் ஒருத்திதான்."

இன்று முழுவதும் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். குனியக் கூடாது என்று டாக்டரும்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆடி 12, ஞாயிறு

பெருமை ஒரு நாள்தான். காலையில் எழுந்ததும் கொடுத்த சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. படம் பொய் என்றால் மயில் போட முடியாது என்றுதானே கணக்கு? அதை நானே சொல்ல வேண்டும். மதியம் கோகிலவாணிக்குப் போன் போட்டேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அய்யோ, அப்படீங்களா? தெரியாமச் சிரிச்சுட்டனுங்க பெரியம்மா. செரி, தட்டே இருக்கட்டுமுங்க."

அதோடு வைத்திருக்கலாம். அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் என் வாய் கேட்கவில்லை.

"இல்லம்மிணி. கூடைதான் வரும். மயிலும் வரும். அந்தப் படத்து மயில் இல்ல, பின்ன முடியற மயில். ஆனா பதினொண்ணு ஆகாது. கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கறேன். ஏழு வரும்."

என் வாழ்நாளில் சொன்ன எண்ணிக்கையைக் குறைத்தது இதுதான் முதல் தடவை. ஒற்றைப் படையாவது நின்றதே.

ஆடி 15, புதன்

இனிமேல் படம் பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். வெட்டின முனை எங்காவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பின்னின கை ஓரத்திலாவது தெரிய வேண்டும். இரண்டும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் தள்ளிவிடுவேன். சேமித்த இருநூற்றுச் சொச்சத்தில் முப்பத்தொன்று போய்விட்டது.

மீந்ததில் கூடையே இல்லாத ஒரு படம். எந்த ஊரோ தெரியாது. ஒரு கிழவி நூலில் கொக்கி ஊசியால் விசிறி மாதிரி ஒரு விரிப்புப் பின்னியிருக்கிறாள். அவள் கட்டைவிரல் ஓரத்தில் தெரிகிறது. நகம் என்னுடையதைப் போலவே உடைந்திருக்கிறது. அந்த விசிறி நடுவிலிருந்து விரிகிறது. வலது பாதி வலப்பக்கம் சாய்கிறது, இடது பாதி இடப்பக்கம் சாய்கிறது. தோகை!

உடனே மனசுக்குள் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். வலப்பாதி ஏறிவிடும். இடப்பாதிக்கு என் முடிச்சு வளையாது. கையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், காற்றில்தான். கோணல்மாணலாக வருகிறது. நாற்பது வருசப் பழக்கம் ஒரு பக்கம்தான் போகும்.

இடப்பாதிக்கு யார் கை வேண்டும் என்று எழுதத் தேவையில்லை. எப்படிக் கேட்பது என்றுதான் யோசிக்கிறேன்.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. ஒயரைத் தொட அனுமதி வந்துவிட்டது. நல்ல நாள். காலையிலேயே பாய் விரித்து அடி போட்டேன். சுகுணா சித்திரான்னம் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சுகுணா, கையைக் கழுவீட்டு வா."

"எதுக்குங்க? புளிசாதம் எறக்கோணும்."

"எறக்கீட்டு வா. இந்தப் பக்கம் உக்காரு. இடது பக்கம்."

உட்கார்ந்தாள். ஒயரை அவள் மடியில் போட்டேன். தொடவில்லை, என்னையே பார்த்தாள்.

"சீர்க்கூடைங்க அத்தை. எடது கை ஆகாதுன்னு நீங்கதான…"

"நான் என்னென்னமோ சொல்லியிருக்கறேன். அதையெல்லாம் நீ கேட்டா நடந்த? ரெண்டு வருசமாத் திருட்டுத்தனமா அவுத்துக் கட்டுனியே, இப்ப நேரா உக்காந்து கட்டு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிரிப்பு வந்தது. "எப்பங்க பாத்தீங்க?"

"பாலு பொங்குன அன்னைக்கு."

நடு ஒயரில் நான் வலப்பக்கம் முதல் முடிச்சுப் போட்டேன். அவள் இடப்பக்கம் போட்டாள். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்து, நடுவில் மயில் கண் மாதிரி ஒரு சின்னத் துளை விழுந்தது. நான் நினைத்துப் போட்டதில்லை அது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன் என்று சுகுணாவிடம் சொன்னேன்.

ஆடி 25, சனி

முதல் கூடை முடிந்தது. தோகையில் முப்பத்தாறு கண். சுகுணா என்னைவிட வேகமாகப் போடுகிறாள். ஒரே குறை, வேலையின்போது பாடுகிறாள்.

ஆவணி 4, செவ்வாய்

நாலு ஆயிற்று. மாவு அரைக்க ஆள் இல்லாமல் இரண்டு நாளாகக் கடைத் தோசைதான். என் மகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். இடது கண்ணுக்குப் புரட்டாசியில் வரச் சொல்லிச் சீட்டு வாங்கியாயிற்று.

ஆவணி 17, திங்கள்

ஏழு.

ஆவணி 19, புதன்

மண்டபத்தில் சீர் இறக்கினோம். பழம், தேங்காய், இனிப்பு, சேலை எல்லாம் கூடையில் வரிசையாக வந்தன. கோகிலவாணி ஒரு கூடையை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுகுணா எனக்குப் பின்னால் நின்றாள்.

"அந்தப் படத்துல இருந்த மாதிரி இல்லீங்களே பெரியம்மா."

"அது இல்லாத கூடைங்கம்மிணி."

தோகையை விரலால் தடவினாள். "ஒரு பாதி இப்படி வருது, ஒரு பாதி அப்படி வருது. எப்படிங்க போட்டீங்க?"

நான் ஒருத்தியே போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"இந்தப் பாதி நான். அந்தப் பாதி என் மருமக. அவளுக்கு எடது கை."

பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுப் பெரிய அம்மாள் ஒருத்தி உடனே, "சீர்ச் சாமான்ல எடது கைங்களா?" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுகுணா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இருவத்தாறு வருசமா நானும் அதைத்தானுங்க சொல்லீட்டிருந்தேன்" என்றேன். "அந்தக் கை இல்லீன்னா இந்த மயிலுக்குத் தோகை ஒரு பக்கந்தான். ஆகாதுன்னா சொல்லுங்க, பழத்தைத் தட்டுல கொட்டிக் குடுத்துட்டு ஏழையும் வூட்டுக்குத் தூக்கீட்டுப் போறேன். எனக்கு வருத்தமில்லை."

வருத்தம் இருந்தது. உயிரே போகும்போல இருந்தது.

கோகிலவாணி அந்தப் பெரிய அம்மாளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். "நீங்க சும்மா இருங்கத்தே. நாலு கடை ஏறி எறங்குனது நானு." தங்கள் வீட்டுத் தேங்காய் ஒன்றை எடுத்து அந்தக் கூடையில் வைத்தாள். பிறகு சுகுணாவிடம், "சம்பந்தி, எம்பட பொண்ணு வளைகாப்புக்கும் வேணுமுங்க. இப்பவே சொல்லி வெச்சுக்கறேன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. சுகுணாவிடம்தான் கேட்டாள்.

சுகுணா என் முகத்தைப் பார்த்தாள். "உன்னையத்தான கேக்கறாங்க, பதில் சொல்லு" என்றேன்.

ஆவணி 20, வியாழன்

தாலி ஏறியது. நல்ல சாப்பாடு. வண்டி ஏறுவதற்கு முன் தாரணி ஒரு கூடையைப் படம் எடுத்து, அந்த ஆப்பில் போடுகிறேன் என்றாள்.

"வெட்டின முனை தெரியற மாதிரி எடு. இல்லீன்னா நெசம்னு எவளும் நம்பமாட்டா" என்றேன். மறுபடி எடுத்தாள். யார் பின்னியது என்று பெயர் போட வேண்டுமாம்.

"கூடையில இருக்கற மாதிரியே போடு. என் பேரு வலது பக்கம், உங்கம்மா பேரு இடது பக்கம்."

தாரணி அடித்துக்கொண்டே வந்து நிறுத்தினாள். "ஆத்தா, அப்படிப் போட்டா அம்மா பேருதான் மொதல்ல வருது."

எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும் என்று எனக்குத் தெரியாதா? "சொன்ன மாதிரி போடு, வண்டிக்கு நேரமாச்சு" என்றேன்.